இறக்கிய காற்று

ஜூன் 3, செவ்வாய்

காலையில் டாக்டர் ஞானசேகர் ஃபோன் செய்தார். ஜூலை இருபதாம் தேதி டிராக் டே அறிவித்துவிட்டார்களாம். நான் கட்டாயம் போக வேண்டுமாம். என் காரின் டயர்கள் தேய்ந்துவிட்டன, புதுசு வாங்க வேண்டும், எந்த டயர் என்று அவரே பார்த்துச் சொல்வார். நான் போகவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் முக்கால் மணி நேரம் பேசிவிட்டார். விபத்துக்குப் பிறகான ஏழு மாதத்தில் அவர் குரல் இத்தனை தெம்பாக இருந்து நான் கேட்டதில்லை. சரி என்றேன்.

டிராக் டே பந்தயம் இல்லை. கோப்பையும் கிடையாது. எங்களைப் போல வேறு வேலை பார்க்கிறவர்கள் பணம் கட்டி, சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் கொண்டுபோய் ஒரு நாள் முழுக்கச் சுற்றுவது. அவர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். நான் கணபதி ஏரியாவில் சின்னதாக ஒரு சோதனைக் கூடம் வைத்திருக்கிறேன். மில்களிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் வரும் அழுத்தம் பார்க்கும் கேஜ்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுப்பது தொழில். ஆறு வருடமாக இரண்டு பேரும் இரண்டு காரில் போய்க்கொண்டிருந்தோம்.

ஒரு நிபந்தனை போட்டார். "எம்பட ஞாபகத்த நம்பி ஒன்னும் முடிவு பண்ண வேண்டாமுங்கண்ணா. பேசறத எல்லாம் நீங்க எழுதி வச்சுக்குங்க" என்றார். அதற்காக இந்த நோட்டை எடுத்தேன். டயர் விஷயத்தைத் தனித் தாளில் எழுதி அவருக்குப் படமெடுத்து அனுப்பிவிட்டேன். மிச்சம் இதில் இருக்கட்டும்.

ஜூன் 5, வியாழன்

வேலை குறைவு. போன நவம்பர் பத்தாம் தேதி டிராக்கில் நடந்ததை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

டிராக்கில் ஓட்டினால் டயர் சூடாகும். உள்ளே காற்று விரியும். காலையில் காற்றழுத்தம் முப்பது இருந்தால், நாலு சுற்று முடித்து வந்தால் முப்பத்தெட்டு காட்டும். டயர் உப்பிக்கொண்டால் பிடிப்பு போய்விடும். அதனால் சூட்டோடு சூடாகக் காற்றை இறக்குவோம். ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக. சாயங்காலம் டயர் ஆறிய பிறகு பார்த்தால் இருபத்திரண்டோ இருபத்துமூன்றோதான் மிச்சம் இருக்கும். ரோட்டுக்கு அது ஆகாது. வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்ப முப்பத்துமூன்று ஏற்ற வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காற்று என் வேலை, ஸ்டாப்வாட்ச் அவர் வேலை. இரண்டு காருக்கும் சேர்த்து ஒரே கம்ப்ரஸர், அது என்னுடையது.

அன்று நான் முதலில் கிளம்பிவிட்டேன். பைபாஸில் மழை பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த டாக்டரின் கார் தண்ணீரில் வழுக்கி, ஓரமாக நின்ற லாரியின் பின்பக்கத்தில் மோதியது. தொடை எலும்பு முறிவு. தலையில் அடி. ஒன்பது நாள் தீவிர சிகிச்சை. இன்ஷூரன்ஸ்காரர் டயரைச் சோதித்து இருபத்திரண்டு என்று எழுதினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரின் மனைவி சுகந்தி என்னைக் கேட்டார், "காத்து நீங்கதானுங்கண்ணா எப்பவும் வைப்பீங்க?" என்று. வழியில் பங்க்கில் வைத்துக்கொள்கிறேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். சுகந்தி தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது.

ஜூன் 8, ஞாயிறு

டாக்டர் வீட்டுக்குப் போனேன். கையில் ஒற்றைக் கம்பு. முன்பைவிட நன்றாகவே நடக்கிறார். மேஜை முழுக்கத் தாள்கள். மூன்று டயர்களை வடிகட்டி வைத்திருக்கிறார், பெண் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாவது, அவர் நவம்பரில் போட்டிருந்ததைப் போன்றது. ரொம்ப மிருது. கோடுகளே இல்லாத வழுவழு டயருக்கு அடுத்தபடி. காய்ந்த தடத்தில் பசை போலப் பிடிக்கும், மழையில் தண்ணீரைத் தள்ள வழியில்லை. இரண்டாவது, ரோட்டுக்கும் டிராக்குக்கும் பொதுவானது. மூன்றாவது சாதாரண டயர். நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும், வளைவில் கீச்சென்று கத்தும். நான் மூன்றாவதே போதும் என்றேன். அவர் என்னை ஏதோ ரசம் சாதத்துக்கு ரசம் வேண்டாம் என்று சொன்னவனைப் போலப் பார்த்தார்.

நடுவில், பேச்சோடு பேச்சாக, அவர் வேலையை விடப் போவதாகச் சொன்னார். திரும்பச் சேருகிறாரா இல்லையா என்று ஜூன் முப்பதுக்குள் சொல்லும்படி ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். நரம்பு டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கைகள் நன்றாக வேலை செய்கின்றன. இருந்தும் சேரப் போவதில்லை என்றார்.

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அன்னிக்குக் காலைல என்ன சாப்டேன்னு ஞாபகம் இருக்குதுங்கண்ணா. கடைசிச் சுத்துல எந்த வளைவுல எந்த கியருன்னு சொல்வேன். வழியில இருந்த ரெண்டு பங்க்கும் ஞாபகம் இருக்குது, மொதப் பங்க்ல ஒரு ஆட்டோ நின்னுச்சு, மஞ்சக் கலரு துணி கட்டியிருந்துச்சு. ஆனா காத்து வச்சுக்கறேன்னு உங்ககிட்ட சொன்னது மட்டும் இல்ல. தேடிப் பாத்துட்டேன். அந்த ஒரு வரி மட்டும் அப்படியே கழண்டு போயிருக்குது. அடி படறதுக்கு முன்னாடியே கழண்டிருக்குது, பாருங்க. இதே மாதிரி ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு வரி கழண்டுச்சுன்னா, டேபிள்ல படுத்திருக்கறவங்க எந்திரிக்க மாட்டாங்க."

சுகந்தி காபி கொண்டுவந்தார். குடித்தேன். சர்க்கரை போட்டிருந்ததா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. டயர் அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 9, திங்கள்

பதினோரு கேஜ்களுக்குச் சான்று கொடுத்தேன். ஒன்றும் தப்பாகக் காட்டவில்லை.

ஜூன் 12, வியாழன்

டாக்டரிடமிருந்து ஆறு குரல் பதிவுகள். டயரின் பக்கவாட்டில் தேய்மான எண் ஒன்று இருக்கும். நூறுக்குக் கீழே என்றால் ரொம்ப மிருது, சீக்கிரம் கரைந்துவிடும். நானூறு என்றால் கல். இருநூறுதான் நமக்கு என்கிறார். இன்னொன்று, மிருதுவான டயர் சும்மா கிடந்தாலே இறுகிப்போகுமாம். அதனால் மேலே பட்டன் கோடுகள் எவ்வளவு ஆழம் என்று பார்த்து ஏமாறக் கூடாது, எந்த வாரம் எந்த வருடம் செய்தது என்ற நாலு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும்.

ஒவ்வொரு பதிவின் முடிவிலும், "இத முன்னாடியே சொல்லிட்டனாங்கண்ணா?" என்று கேட்கிறார். எதையுமே அவர் இரண்டு தடவை சொல்லவில்லை. இல்லை என்று பதில் போட்டேன்.

ஜூன் 14, சனி

ஃபிரான்சிஸ் கடைக்குப் போனேன். காந்திபுரத்தில் இருபது வருடமாக டயர் விற்கிறார். இருநூறு எண் டயர் ஒரு செட் இருக்கிறது என்று உள்ளே அழைத்துப் போனார். பளபளவென்று இருந்தது. ஏதோ தடவியிருக்கிறார். நாலு இலக்கத்தைப் பார்த்தால் நாலு வருடத்துக்கு முந்தியது. நகத்தால் அழுத்தினேன், என் நகம்தான் வளைந்தது. ஃபிரான்சிஸ் சிரித்துக்கொண்டே, டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டாரா என்றார். புது செட்டுக்குச் சொல்லிவிடுகிறேன், பத்து நாளில் வந்துவிடும் என்றார்.

கிளம்பும்போது அவராகவே பேச்செடுத்தார். "டாக்டர் சார் காத்து வைக்காமயே ரோட்டுக்கு வந்துட்டாராமே சார். அவ்ளோ படிச்சவரு. எங்ககிட்ட வர்ற ஆட்டோக்காரன்கூட அப்படிப் பண்ண மாட்டான்."

மழைங்க என்றேன். மழைதான், ஆனாலும் என்றார். நான் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஊரெல்லாம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. இதுவரை என் காதில் விழவில்லை என்பதற்காக யாரும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

கலாமணி கேட்டாள், "ஏனுங்க, டயர் வாங்கறதுக்கு யாராச்சும் இப்படி மூஞ்சிய வச்சுக்குவாங்களா?" என்று. அவளுக்கு இந்த டிராக் விவகாரமே பிடிக்காது. இருபத்தோரு வருடக் கல்யாணத்தில் என் மூஞ்சியை அவளைவிட நன்றாகப் படிக்கிறவர் யாரும் இல்லை. அதனால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

சுகந்தி அவளிடம் ஃபோனில் பேசியிருக்கிறார். டாக்டர் கேஸ் அடுப்பின் திருகை நாலைந்து தடவை போய்ப் பார்க்கிறாராம். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வர அவர் போவதே இல்லையாம், மறந்துவிட்டால் என்ன செய்வது என்று. ஒருநாள் கையில் பேனாவால் "பால்" என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். சுகந்தி அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்து, பாதியில் ஃபோனை வைத்துவிட்டாராம்.

"அந்தப் புள்ள சுகந்தி அவர்மேல கோவத்துலயும் இருக்குதுங்க. வாயால சொன்னவரு, பங்க்கத் தாண்டி எப்படி வந்தாருன்னு. சொன்னா மனசு ஒடஞ்சிரும்னு சொல்லாம வச்சிருக்குது" என்றாள் கலாமணி.

மத்தியானம் தூங்கினேன். இரண்டரை மணி நேரம். இப்படியெல்லாம் நான் தூங்குகிறவன் இல்லை.

ஜூன் 19, வியாழன்

மறுபடியும் டாக்டர் வீடு. டயர் முடிவாகிவிட்டது. ஃபிரான்சிஸிடம் சொல்லிவைத்த அந்த நடுவாந்திரத்து இருநூறு எண் டயர்தான். மிருதுவானதைவிட அது டிராக்கில் ஒன்றரை வினாடி மெதுவாக இருக்கும், பரவாயில்லை, மழை பெய்தாலும் வீட்டுக்கு ஓட்டிவர முடியும் என்றார். அவ்வளவு மிருதுவான டயரில் ரோட்டுக்கு வந்தது முதல் தப்பு, அதற்குக் காற்றும் வைக்காதது இரண்டாம் தப்பு, இரண்டும் தன் தலையில்தான் என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

பிறகு என்னை ஒரு சோதனை செய்யச் சொன்னார். எதையும் அளந்து பார்க்கிற ஆள் நீங்கள்தானே என்றார். ஒரு தாளில் இருபது மருந்துகளும் அளவுகளும் இருந்தன. எடை, வயது சொல்லி நான் கேட்க, அவர் அளவைச் சொல்ல வேண்டும். குழந்தை, கிழவர், கர்ப்பிணி, சிறுநீரகம் கெட்டவர் என்று கேட்டேன். சொல்லச் சொல்லத் தாளில் டிக் போட்டேன். இருபதுக்கு இருபது. என் கூடத்துக்கு இப்படி ஒரு கேஜ் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துவேன்.

தாளை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "இதெல்லாம் பழசுங்கண்ணா. இருபது வருசம் ஊறினது. நம்மகிட்ட ஓட்டை வேற எடத்துல இருக்குது" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். சுகந்தி உள்ளே இருந்தார், மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள், டி.வி.கூட ஓடவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

இங்கேயாவது எழுதுகிறேன். பங்க்கில் காற்று வைத்துக்கொள்கிறேன் என்று டாக்டர் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சுகந்தி கேட்ட அந்த நிமிடத்தில் நானாகச் சொன்னது அது. சொல்லாத ஒன்றைத்தான் ஏழு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

எழுதிப் படித்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போன காலை ஊன்றிப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

காரைக் கழுவினேன். ஏர் ஃபில்டரை மாற்றினேன். பின் சீட்டுக்கு அடியில் ஒரு பேனா, இரண்டு ஏலக்காய் மிட்டாய்.

போலீஸ் பயமா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். வழக்கெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. அது இல்லை. அவர் முதல் தடவை கண் திறந்தபோது சொல்லியிருக்கலாம். தையல் பிரித்தபோது, கம்பு பிடித்து எழுந்தபோது, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளினேன். அவர் தேறத் தேற, சொல்லாமல் இருந்த நாட்கள் கூடிக்கொண்டே போயின. இப்போது சொன்னால் ஒரு பொய்யைச் சொல்வதாக ஆகாது, இருநூறு நாளைச் சொல்வதாக ஆகும். காரணம் போலத்தான் இருக்கிறது, எழுதிப் பார்த்தால் நொண்டுகிறது.

ஜூன் 25, புதன்

டயர் வந்துவிட்டது. மே மாதம் செய்தது. ஃபிரான்சிஸே நின்று மாட்டிக்கொடுத்தார். முப்பத்துமூன்று வைக்கச் சொன்னேன். அவருடைய கேஜில் பார்த்தேன், என்னுடையதிலும் பார்த்தேன், ரோட்டுக்கு வந்து நிறுத்தி மறுபடியும் பார்த்தேன்.

புது டயரை எடுத்ததும் விரட்டக் கூடாது. ஐம்பது அறுபது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி மேல்தோலைப் பழக்கி, ஒரு நாள் சும்மா நிறுத்தி ஆறவிட வேண்டும். டாக்டர் தானும் வருவதாகச் சொன்னார். விபத்துக்குப் பிறகு அவர் முன்சீட்டில் உட்காருவது இதுதான் முதல் தடவையாம். சுகந்தி வாசலில் நின்று, நான் பெல்ட் போட்டேனா என்று பார்த்தார். "அண்ணா ஓட்டறதுனாலதான் அனுப்பறேன்" என்றார்.

பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு தாண்டிப் போய்த் திரும்பினோம். நல்ல வெயில், காற்று. டாக்டர் ஜன்னலை இறக்கிவிட்டு டயர் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். உறுமல் இல்லை, நல்ல டயர் என்றார். திரும்பும்போது ஒரு பங்க்கில் நிறுத்தச் சொல்லி, கம்பை ஊன்றிக்கொண்டு தானே இறங்கி நாலு டயருக்கும் காற்றுப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பங்க் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

காரில் ஏறி உட்கார்ந்தவர் கதவைச் சாத்தவில்லை. ராஜினாமாக் கடிதம் டைப் பண்ணிவிட்டதாகவும், திங்கட்கிழமை கொடுக்கப் போவதாகவும் சொன்னார். பிறகு என் தோளைத் தொட்டார்.

"உங்ககிட்ட ஒன்னு சொல்லோணும்ணா. அன்னிக்கு நீங்க வைக்கறேன்னுதான் சொல்லியிருப்பீங்க. நாந்தான் பெரிய இவனாட்டம் தட்டிவிட்டிருப்பேன். அதனால ஏழு மாசமா நீங்க எங்க வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலையறீங்க. மனசுல வச்சுக்காதீங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கதவைச் சாத்துங்க டாக்டர் என்றேன். வண்டியை எடுத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

சாப்பிட உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கலாமணியிடம் சொன்னேன், முழுதும். அவள் பாத்திரத்தைக் கழுவி முடித்துவிட்டு, ஈரக் கையோடு வந்து நின்று, "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

பத்து மணிக்குப் போனேன். டாக்டர் ஹாலில் இருந்தார். சுகந்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன். பங்க்கில் காற்று வைத்துக்கொள்வதாக நீங்கள் சொல்லவே இல்லை, நான்தான் அப்படிச் சொன்னேன், உங்களுக்கு எதுவும் மறக்கவில்லை என்றேன். வரும் வழியில் இதை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அதனால் எழுதி வைத்ததைப் படிப்பது போலத்தான் வந்தது.

டாக்டர் சிரித்தார். நல்ல சிரிப்பு, கோபமே இல்லை. உட்காருங்கண்ணா என்றார். ஆபரேஷனுக்கு முன் சொந்தக்காரர்கள் இப்படித்தான் நோயாளிக்குத் தைரியம் சொல்வார்கள், எத்தனை பார்த்திருக்கிறேன் என்றார். கடிதத்தைக் கொடுக்க விடாமல் செய்ய நான் இப்படி ஒரு பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்கிறேனாம். சுகந்தி சொல்லிக் கொடுத்தாரா என்றும் கேட்டார். இல்லையே என்றார் சுகந்தி.

"ஆறு வருசத்துல நீங்க ஒருநாள் காத்து வைக்க மறந்ததில்லீங்கண்ணா. உங்கள எனக்குத் தெரியாதா?" என்றார்.

நான் மறக்கவில்லை என்றேன்.

இவ்வளவு தூரம் சொல்வதாக இல்லை. மறந்துவிட்டேன் என்றே சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். அவர் நம்பாமல் சிரித்தபோது வேறு வழி இல்லாமல் போயிற்று.

"கடைசி ரவுண்டுல நீங்க ஒரு நிமிசம் இருபத்தினாலு புள்ளி ஒன்னு. நான் இருபத்தினாலு புள்ளி அஞ்சு. ஆறு வருசத்துல நீங்க என்னத் தாண்டுனது அன்னிக்குத்தான். ஸ்டாப்வாட்சைத் தூக்கிட்டு வந்து காட்டுனீங்க. எல்லாரும் உங்களச் சுத்தி நின்னாங்க. நான் எம்பட வண்டிக்கு நாலு டயருக்கும் காத்து வச்சேன். உங்க வண்டி ரெண்டடி தள்ளி நின்னுச்சு. குழாய் எட்டும். பாத்தேன். அவரே வச்சுக்கட்டும்னு குழாயச் சுத்திக் கம்ப்ரஸர டிக்கில போட்டுட்டுப் போயிட்டேன். மறக்கலீங்க டாக்டர். வைக்கல."

இதைச் சொல்லும்போது என் காது சூடானது. நாற்பத்தேழு வயதில் இதைவிடக் கேவலமாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியாது.

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னை உற்றுப் பார்த்தார். தைரியம் சொல்ல வந்தவன் எதற்கு இப்படி ஒரு அற்பக் காரணத்தைக் கட்டிச் சொல்வான் என்று அவர் யோசிப்பது தெரிந்தது. கைகள் கம்பைத் தேடின.

"புள்ளி நாலுக்கா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நான் எதுவுமே சொல்லல?"

"ஒன்னுமே சொல்லலீங்க."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் என்னை விட்டு முகத்தைத் திருப்பிச் சுகந்தியைப் பார்த்தார். "அப்ப நான் மறக்கல, சுகந்தி" என்றார். சுகந்தி கத்தியைக் கீழே வைத்தார். "மறக்கல. நான் சொல்லவே இல்ல. சொல்லாதது எப்படி ஞாபகம் வரும்? நான் மறக்கவே இல்ல." அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கம்பை விட்டுவிட்டு எழுந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுகந்தி போய் அவரைத் தாங்கிப் பிடித்தார். இரண்டு பேரும் அழுதார்கள். மகள் அறையிலிருந்து வந்து, என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டாள். ஒன்றும் இல்லை, அப்பாவுக்குச் சரியாகிவிட்டது என்றேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டைத் திறக்கும்போது சுகந்தி பின்னால் வந்தார். கண் துடைத்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. "இனி வர வேண்டாமுங்க" என்றார். அண்ணா என்று சொல்லவில்லை. நான் வெளியே போன பிறகு கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

ஜூலை 2, புதன்

ஜூலை இருபதுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். பரவாயில்லை என்றேன். புது டயருடன் கார் ஷெட்டில் நிற்கிறது. மேலே துணி போட்டு மூடினேன்.

டாக்டருக்கு ஃபோன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. குரல் பதிவுகள் இல்லாமல் நாள் நீளமாக இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

மத்தியானம் கலாமணி கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். வழக்கமாகப் பையனிடம் கொடுத்துவிடுவாள். டிஃபன் கேரியரைத் திறந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சுகந்தி ஃபோன் செய்தாராம். டாக்டர் இன்று வேலையில் சேர்ந்துவிட்டார். எட்டு மணிக்கு முதல் ஆபரேஷன், பித்தப்பை, ஐம்பத்திரண்டு வயசு அம்மா ஒருவர். பத்தே காலுக்கு அந்த அம்மா கண்ணைத் திறந்து, தன் பேரைச் சொல்லி, தண்ணீர் கேட்டாராம். டாக்டர் தியேட்டரிலிருந்து வெளியே வந்து முதல் வேலையாக சுகந்திக்கு ஃபோன் போட்டு அதைச் சொன்னாராம். மகளைச் சாயங்காலம் அவரே போய் அழைத்து வரப் போகிறாராம்.

நல்லது என்றேன். சாதத்தைப் பிசைந்தேன்.

பிறகு கேட்டேன், என்னிடம் சொல்லச் சொல்லி அவர் சுகந்தியிடம் சொன்னாரா என்று.

கலாமணி கேரியர் மூடியைத் துடைத்து வைத்தாள். இல்லை என்றாள்.

வலித்தது. நவம்பருக்குப் பிறகு எனக்கு எதுவுமே வலித்ததில்லை. சோற்றுக் கையோடு உட்கார்ந்து அழுதேன். கலாமணி எழுந்து போய்க் கூடத்தின் கதவைச் சாத்தினாள்.